டிரைஃபிள்ஸ் நாடகம்: அடுப்படியில் கிடந்த சாட்சியம்

'டிரைஃபிள்ஸ்' அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல் எழுதிய ஓரங்க நாடகம். தலைப்புக்கு 'அற்ப விஷயங்கள்' என்று பொருள். 1916 ஆகஸ்டில் பிராவின்ஸ்டவுன் நகரில் அரங்கேறியது. 1900 டிசம்பரில் அயோவா மாநிலத்தில் ஜான் ஹோசாக் என்ற விவசாயி கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மனைவி மார்கரெட் மீது நடந்த வழக்கைப் பத்திரிகை நிருபராக எழுதியவர் கிளாஸ்பெல். அந்த அனுபவமே நாடகத்தின் வித்து.

கதை

ஜான் ரைட் கயிற்றால் கழுத்து இறுக்கப்பட்டு இறந்துகிடக்கிறார். மனைவி மின்னி சிறையில் இருக்கிறாள். அவள் மேடைக்கு வருவதே இல்லை. ஷெரிஃபும் அரசு வழக்கறிஞரும் மாடியிலும் தொழுவத்திலும் தடயம் தேடுகிறார்கள். சமையலறையில் பாத்திரம் பண்டங்களைத் தவிர ஒன்றுமில்லை என்பது அவர்கள் முடிவு. அங்கே காத்திருக்கும் திருமதி ஹேலும் ஷெரிஃபின் மனைவி திருமதி பீட்டர்ஸும்தான் உண்மையைக் கண்டடைகிறார்கள்.

வீட்டுப் பொருள்களின் மொழி

பாதி துடைத்த மேசை, வெளியே கிடக்கும் ரொட்டி, ஒழுங்காகத் தைத்துவந்து ஓரிடத்தில் திடீரெனக் கோணிய ஒட்டுப்போர்வைத் தையல், கதவு உடைந்த பறவைக் கூண்டு, தையல் பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றிய, கழுத்து முறிந்த பாடும் பறவை. இவற்றைப் படிக்கத் தனிப் புலமை தேவையில்லை. வேலை பாதியில் நின்றால் ஏதோ நடந்திருக்கிறது என்பது அந்த வேலையைத் தினமும் செய்பவருக்குத் தெரியும். ஆண்களுக்கு அறிவு குறைவில்லை. அந்த வேலையை வேலையென்றே அவர்கள் மதிக்கவில்லை. தேடிய காரணம் காலடியிலேயே கிடந்தும் கண்ணில் படாமல் போனது அதனால்தான்.

சிலம்பும் பறவையும்

தமிழ் வாசகருக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வரும். அங்கும் பெண்ணின் உடைமையே வழக்கைத் தீர்க்கிறது. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று கண்ணகிக்குத் தெரியும். அவள் அவையில் சிலம்பை உடைக்கிறாள். பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிர்விடுகிறான். திருவொற்றியூர் வட்டப்பாறையம்மனைக் கண்ணகியாகவே கருதும் மரபும் உண்டு. மின்னிக்கு அப்படியோர் அவை வாய்க்கவில்லை. அயோவாவில் அக்காலத்தில் பெண்கள் ஜூரிகளாக அமர முடியாது. ஆகவே கண்ணகியின் சான்று உடைந்து வெளிப்படுகிறது; மின்னியின் சான்று திருமதி ஹேலின் கோட்டுப் பைக்குள் மறைகிறது.

மதிப்பீடு

இந்த முடிவை வெறும் வெற்றியாகக் கொள்வது எளிது, அது போதாது. இறந்தவருக்காகப் பேச நாடகத்தில் எவருமில்லை. ரைட்டின் கடுமையைப் பெரும்பாலும் திருமதி ஹேலின் வாய்வழியாகவே அறிகிறோம். அவளோ ஓராண்டுக்கு மேலாக அந்த வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்காத குற்ற உணர்வில் தவிப்பவள். அதுவும் ஒரு குற்றமே என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். தடயத்தை மறைப்பதில் நீதியும் இருக்கிறது, தன் புறக்கணிப்புக்கான பரிகாரமும் இருக்கிறது. ஆண்கள் மதிக்காத சமையலறையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் காலம் கடந்தே எட்டிப்பார்த்தாள் என்பதை மறைக்காததே நாடகத்தின் நேர்மை.