ஒன்றுக்குப் பூஜ்யம்: ஒரு கால்பந்து ஆண்டை ரசிப்பது எப்படி?

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகக் கோப்பை வரும்போது மட்டும் கால்பந்து பார்க்கிற கூட்டம் பெரிது. ஒரு மாதம் தூக்கம் கெடும், வாட்ஸ்அப் குழுக்களில் சண்டை நடக்கும், பிறகு டிவி கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிடும். நடுவில் உள்ள ஆண்டுகளில் கால்பந்தில் என்னதான் நடக்கிறது என்று கேட்பவருக்கு எடுத்துக் காட்ட 2016 நல்ல ஆண்டு. உலகக் கோப்பை இல்லாமலேயே ஜனவரி முதல் டிசம்பர் வரை பந்து உருண்டுகொண்டே இருந்தது. அந்த ஆண்டின் ஆட்டங்களை இப்போது திரும்பப் பார்ப்பவருக்கு முடிவு முன்பே தெரியும் என்பது ஒரு வசதி. யார் ஜெயிப்பார் என்ற பதற்றம் போய்விட்டால், எப்படி ஜெயித்தார்கள் என்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் லீக் வேறு, கோப்பை வேறு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 20 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 19 அணிகளோடு சொந்த ஊரில் ஒரு முறை, எதிரியின் ஊரில் ஒரு முறை மோதும். ஆகஸ்ட் முதல் மே வரை மொத்தம் 38 ஆட்டம். வென்றால் 3 புள்ளி, டிரா ஆனால் 1. இறுதிப் போட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது. ஐபிஎல் பிளேஆஃப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சப்பென்று தோன்றலாம். கோப்பையில் நாக் அவுட் சுற்று வந்துவிட்டால் ஒரு ராத்திரி சறுக்கினாலே பெட்டி கட்ட வேண்டியதுதான். இரண்டையும் ஒரே மனநிலையில் பார்ப்பவர் இரண்டிலுமே பாதியை இழக்கிறார்.

லீகுக்கு லெஸ்டர் சிட்டியை எடுத்துக்கொள்ளலாம். 2014 கிறிஸ்துமஸ் சமயத்தில் பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்த அணி. கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று எப்படியோ தப்பித்தது. அடுத்த சீசனுக்குப் பயிற்சியாளராக வந்தவர் கிளாடியோ ரனியேரி. அதற்கு முந்தைய வேலையில், கிரீஸ் அணி சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் தோற்றதால் வெளியே அனுப்பப்பட்டவர். லெஸ்டர் பட்டம் வெல்லும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு 5,000 கொடுப்பதாகச் சூதாட்ட நிறுவனங்கள் அறிவித்திருந்தன. அந்த அணிதான் 2016 மே மாதம் 81 புள்ளிகளோடு, இரண்டாம் இடத்துக்கு வந்த ஆர்சனலைவிட 10 புள்ளி அதிகம் பெற்று, பட்டம் வென்றது. 38 ஆட்டத்தில் தோற்றது மூன்றே மூன்று.

இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஜேமி வார்டி தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் அடித்ததும், லிவர்பூலுக்கு எதிராகத் தொலைவிலிருந்து பந்தை உதைத்துக் கோல்கீப்பரின் தலைக்கு மேல் இறக்கியதும் பலமுறை பகிரப்பட்ட வீடியோக்கள். ஆனால் ஹைலைட்ஸை மட்டும் பார்ப்பது, கச்சேரியில் ராகம் பாடும்போது கேன்டீனில் உட்கார்ந்துவிட்டுத் துக்கடாவுக்கு மட்டும் உள்ளே வருவதைப் போன்றது. லெஸ்டரைப் புரிந்துகொள்ள மார்ச் மாதத்துக்குப் போக வேண்டும். வாட்ஃபோர்டை 1-0, நியூகாசிலை 1-0, கிரிஸ்டல் பேலஸை 1-0, ஏப்ரல் தொடக்கத்தில் சவுத்தாம்ப்டனை 1-0. வரிசையாக நான்கு ஆட்டம், நான்கு கோல். பட்டம் உறுதியானது இங்கேதான். பார்க்கச் சுவாரசியமே இல்லை என்று அன்று முணுமுணுத்தவர்களும் உண்டு.

சுவாரசியம் வேறிடத்தில் இருந்தது. கேமரா எப்போதும் பந்தின் பின்னால் ஓடும்; ரசிகர் அதன் பின்னால் ஓட வேண்டியதில்லை. அந்த நான்கில் ஏதாவதொன்றைப் போட்டு, பத்து நிமிடம் எங்கோலோ கான்டேயை மட்டும் பாருங்கள். பந்து எதிரணியிடம் இருக்கும்போது அவர் அதை வைத்திருப்பவரை நோக்கிப் பாய மாட்டார். அடுத்த பாஸ் யாருக்குப் போகும் என்று கணித்து, அந்த வழியில் இரண்டு எட்டு முன்னால் போய் நிற்பார். பந்து வந்து அவர் காலில் விழுவது போலிருக்கும். அந்த சீசனில் லீகிலேயே அதிகமுறை பந்தைப் பறித்தவரும், அதிக பாஸ்களை இடைமறித்தவரும் அவர்தான். அவருக்குப் பின்னால் வெஸ் மோர்கனும் ராபர்ட் ஹூத்தும். இருவரும் வேகமானவர்கள் அல்ல. அதனால் கோலை விட்டு முன்னேறவே மாட்டார்கள். எதிரணி ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டால் தலையால் முட்டி வெளியே தள்ளுவார்கள். மறுபடி வந்தால் மறுபடி. பந்து தங்களிடம் பாதி நேரம்கூட இருக்க வேண்டியதில்லை என்று முடிவெடுத்த அணி அது. கான்டே பறித்ததை டேனி டிரிங்க்வாட்டர் ஒரே உதையில் தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேல் அனுப்ப, வார்டி அங்கே ஓடிக்கொண்டிருப்பார். இந்தத் தொடரின் முதல் கண்ணியைக் கவனித்தவருக்குத்தான் கடைசிக் கண்ணியான கோல் முழுதாகக் கிடைக்கும்.

ரனியேரியின் பீட்சாவையும் சொல்லிவிட வேண்டும். கோல் விடாமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருவதாக வீரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முதல் ஒன்பது ஆட்டத்திலும் அது நடக்கவில்லை. பத்தாவதில் நடந்தது. கூட்டிக்கொண்டு போய், மாவைப் பிசைந்து நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

புள்ளிப் பட்டியலை மேலிருந்து மட்டும் படிக்கக் கூடாது. கீழே உள்ள மூன்று அணிகள் அடுத்த ஆண்டு இரண்டாம் நிலை லீகுக்கு இறங்க வேண்டும் என்பதால், 17-ஆம் இடத்துக்கான சண்டையில் முதலிடத்துச் சண்டையைவிடப் பயம் அதிகம். கடைசி நாளில் ஏற்கெனவே இறக்கம் உறுதியாகிவிட்ட நியூகாசில், டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்தது. நியூகாசிலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் லெஸ்டரைத் துரத்திய டாட்டன்ஹாம் மூன்றாம் இடத்துக்குச் சரிந்தது. இரண்டாமிடம் அவர்களுடைய பரம எதிரி ஆர்சனலுக்குப் போனது. பட்டம் முடிவாகி இரண்டு வாரம் கழிந்த பின் இப்படி ஒரு நாடகம்!

கோப்பைக்கு வந்தால் கண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். பிரான்சில் நடந்த யூரோ கோப்பையை வென்ற போர்ச்சுகல், லீகாக இருந்திருந்தால் நடுவில் எங்கோ முடித்திருக்கும். முதல் சுற்றில் மூன்று ஆட்டமும் டிரா. ஏழு ஆட்டங்களில் 90 நிமிடத்துக்குள் வென்றது ஒன்றே ஒன்று, வேல்ஸுக்கு எதிரான அரையிறுதி. பாரிஸ் இறுதியாட்டத்தில் முதல் அரைமணிக்குள் ரொனால்டோ முழங்கால் அடிபட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். மைதானம் முழுக்க அன்று விட்டில்பூச்சிகள், அதில் ஒன்று அழுகிறவரின் முகத்திலேயே வந்து அமர்ந்தது. 109-ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரர் ஏடெர் தூரத்திலிருந்து தாழ்வாக உதைத்த பந்து கோல். இது அழகான ஆட்டமா என்றால் இல்லை. தோற்காமல் இருப்பதும் ஒரு கலை என்று ஒப்புக்கொண்டால் பார்க்கலாம்.

அதே போட்டியில், அப்போது ஏறத்தாழ 3,30,000 பேர் வாழ்ந்த ஐஸ்லாந்து இங்கிலாந்தை 2-1 என்று வெளியே அனுப்பியதை அதிசயம் என்று எழுதினார்கள். ஐந்து நாள் முன்னால் ஆஸ்திரியாவுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்த்திருந்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். கேப்டன் குன்னர்சன் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை இரு கைகளால் நீளமாக வீசுவார். ஆர்னசன் தலையால் பின்பக்கம் தட்டிவிடுவார். பின்னால் ஓடி வருபவர் கோலுக்குள் தள்ளுவார். த்ரோவிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது என்பது இதில் கூடுதல் லாபம். ஆஸ்திரியாவிடம் செய்ததையே இங்கிலாந்திடமும் ஆறாவது நிமிடத்தில் செய்தார்கள். தெரிந்தே வாங்கிய அடி.

இன்னொரு கோல் உண்டு; அதை ஒரு மரணத்திலிருந்து தொடங்க வேண்டும். மார்ச் 24 அன்று ஜோஹன் குரைஃப் காலமானார். 1974 உலகக் கோப்பையில், பந்தை உதைப்பது போல் காட்டி, காலுக்குப் பின்னால் இழுத்துத் திரும்பி, சுவீடன் வீரரை ஏமாற்றியவர். அந்தத் திருப்பத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதே யூரோவில், ஜூலை 1 அன்று லீல் நகரில், எந்தக் கிளப்பிலும் ஒப்பந்தம் இல்லாதிருந்த வேல்ஸ் வீரர் ஹால் ராப்சன்-கானு அதே திருப்பத்தைப் பெல்ஜியத்தின் பெனால்டி பகுதிக்குள் செய்ய, மூன்று தடுப்பாட்டக்காரர்கள் ஒரே திசையில் தவறாக ஓடினார்கள்; பந்து கோலானது. மூன்று மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடிவதுதான் ஓர் ஆண்டைத் தொடர்ந்து பார்ப்பவருக்குக் கிடைக்கும் சம்பளம்.

நவம்பர் 23 அன்று தெற்கு பிரேசிலின் சிறு நகர அணியான ஷாப்பெகோயன்ஸ், அர்ஜென்டினாவின் சான் லொரென்சோவைக் கோலின்றித் தடுத்து நிறுத்தி, தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான சுடாமெரிக்கானா கோப்பையின் இறுதிக்குப் போனது. கடைசி நிமிடத்தில், கோல்கீப்பர் டனிலோ மிக அருகிலிருந்து வந்த உதையைக் காலால் தடுத்தார். அந்தத் தடுப்பால்தான் அணி இறுதியாட்டத்துக்காகக் கொலம்பியாவுக்குப் பறந்தது. எரிபொருள் தீர்ந்து மெடயின் அருகே விமானம் விழுந்ததில் 71 பேர் இறந்தார்கள்; டனிலோவும் அவர்களில் ஒருவர். எதிரணியான அத்லெட்டிகோ நசியனால், கோப்பையை ஷாப்பெகோயன்ஸுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அப்படியே கொடுக்கப்பட்டது.

அதே நசியனால் இரண்டு வாரத்தில் கிளப் உலகக் கோப்பைக்காக ஜப்பான் போனது. அரையிறுதியில் நடுவர் ஓரத்துத் திரையில் வீடியோ பார்த்துவிட்டு வந்து அவர்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார். ஃபிஃபா போட்டி ஒன்றில் வீடியோ பார்த்துக் கொடுக்கப்பட்ட முதல் பெனால்டி அது. அவர்களை 3-0 என்று வென்ற ஜப்பானின் கஷிமா ஆன்ட்லர்ஸ், யோகோஹாமா இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிடை எதிர்த்து 2-1 என்று முன்னிலை பெற்றது. இரண்டுமே ஷிபசாகி அடித்தவை. ரொனால்டோ பெனால்டியில் சமன் செய்தார். ஆட்டம் முடியும் நேரத்தில், ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்த செர்கியோ ராமோஸ் எதிராளியைத் தடுக்க, சாம்பிய நடுவர் சிகாஸ்வேயின் கை சட்டைப் பைக்குப் போனது. அட்டை வெளியே வந்திருந்தால் ராமோஸும் வெளியே போயிருப்பார். கை வெறுமனே திரும்பியது. கூடுதல் நேரத்தில் ரொனால்டோ இன்னும் இரண்டு அடிக்க, மாட்ரிட் 4-2 என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. அந்தக் கை ஏன் பாதியில் நின்றது என்று கஷிமா ரசிகரிடம் கேட்டால் நீளமான பதில் கிடைக்கும்.