பத்துக்குப் பத்து அறைக்குள் ஒரு பம்பை

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் பண்ண என்ன வாங்கலாம் என்று போனில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு ‘ஸ்டூடியோ கிட்’. ஒரு கண்டென்சர் மைக், மேஜையில் மாட்டும் மடக்குக் கை, மைக்குக்கு முன்னால் வைக்க ஒரு வட்ட வலை, உள்ளங்கை அளவு சவுண்ட் கார்டு. எல்லாம் சேர்த்து இரண்டு மூவாயிரம் ரூபாய். தருமபுரி மாவட்டத்தில் திருவிழாவுக்குப் பம்பை அடிப்பவர்கள், கூத்துப் பாட்டு பாடுபவர்கள், யூட்யூபில் நாட்டுப்புறப் பாட்டு போடும் பையன்கள் என்று எனக்குத் தெரிந்த பலர் அதைத்தான் வாங்கியிருக்கிறார்கள். பாதிப் பேர் வீட்டில் அது பரணில் கிடக்கிறது.

அந்தக் காசை எங்கே போட்டிருக்கலாம் என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. எடுத்துக்கொண்டவை: மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ்களில் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, அதன் அண்ணன் 2ஐ2, இரண்டுமே 2023இல் வந்த நான்காம் தலைமுறை. ஷ்யூர் எஸ்எம் 58 என்ற டைனமிக் மைக், ஆடியோ டெக்னிகா ஏடி 2020 என்ற கண்டென்சர் மைக், காதை முழுக்க மூடும் ஒரு ஹெட்போன், 8 ஜிபி ராம் உள்ள பழைய விண்டோஸ் லேப்டாப். மென்பொருளில் ஆடாசிட்டி, ரீப்பர், போனுக்கு பேண்ட்லேப். இடம், பென்னாகரம் ரோட்டை ஒட்டிய ஒரு கான்கிரீட் வீட்டில் டைல்ஸ் போட்ட பத்துக்குப் பத்து அறை. வாசித்தவர் ஒரு பம்பைக்காரர், பாடியது அவருடைய தம்பி மகன்.

முதலில் அறையைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கருவிகளையும்விட அதுதான் அதிகமாகப் பாடுகிறது. பத்தடி என்றால் கிட்டத்தட்ட 3 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்வந்து சுமார் 56 ஹெர்ட்ஸில் நின்று முழங்கும், அதன் இரட்டிப்பான 112இலும் முழங்கும். ஆண் குரலின் அடித்தளம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அறை சதுரமாக இருப்பதால் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று அதே முழக்கம் இரண்டு மடங்கு. பையன் சில சுரங்களில் பாடும்போது மட்டும் பானைக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது அதனால்தான்.

இதற்கு முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு அட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது மேல் ஸ்தாயி ஒலியைக் கொஞ்சம் உடைப்பதோடு சரி. கீழ் முழக்கத்தையும் தடுக்காது, வெளியே போகிற பஸ் ஹாரனையும் தடுக்காது. தீப்பொறி பட்டால் மட்டும் நன்றாக எரியும். அறை மூலையில் இரண்டு இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்தோம், பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் கொடியில் நாலு கெட்டிப் போர்வை தொங்கவிட்டோம், பீரோக் கதவைத் திறந்து துணி தெரியும்படி விட்டோம். செலவு ஒன்றுமில்லை. முதல் பதிவையும் அதற்குப் பிறகு எடுத்ததையும் அடுத்தடுத்துக் கேட்ட பம்பைக்காரர், “என்னாண்ணா, ரெண்டும் ஒரே மைக்கா?” என்றார்.

இப்போது மைக். கண்டென்சர் மைக் ‘எல்லாத்தையும் இழுத்துவிடும்’ என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. ஏடி 2020உம் எஸ்எம் 58உம் முன்பக்கத்தை அதிகமாகக் கேட்டு பின்பக்கத்தைத் தள்ளுகிற ஒரே ஜாதிதான். வித்தியாசம் நாம் நிற்கிற தூரத்தில் இருக்கிறது. கண்டென்சருக்கு முன்னால் எட்டு அங்குலம் தள்ளி நிற்கிறோம், இல்லாவிட்டால் ‘ப’வும் ‘ஃப’வும் வெடிக்கும். மேடையில் பாடிப் பழகியவர் எஸ்எம் 58ஐ உதட்டிலிருந்து இரண்டு அங்குலத்தில் பிடிக்கிறார். தூரம் நாலில் ஒன்றாகக் குறைந்தால் குரல் 12 டெசிபல் ஏறும், ஆனால் அறையின் எதிரொலியும் தெருவும் அப்படியே இருக்கும். அந்த 12 டெசிபல்தான் எல்லாம். நல்ல அறை கட்டியவனுக்கு ஏடி 2020 கொடுக்கிற மேல் ஸ்தாயித் துல்லியம் அருமையானது, பையன் மெதுவாகப் பாடிய ஒரு தாலாட்டில் அதை நானே ரசித்தேன். ஆனால் ராத்திரி பத்து மணிக்குமேல் எடுத்த பதிவில் சிள்வண்டுகளும் சேர்ந்து பாடியிருந்தன. அவற்றின் ஒலி ‘ஸ’, ‘ச’ இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால் பிற்பாடு அறுத்தெடுக்கப் பார்த்தால் பாட்டின் சொல்லும் மங்குகிறது.

எஸ்எம் 58 வந்தது 1966இல். அறுபது வருஷமாக உலகத்தின் மேடைகளில் விழுந்து எழுந்த மைக். ஊர் சவுண்ட் சர்வீஸ்காரர்களிடமும் ‘58’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள், ஆனால் அதில் போலி ஏராளம். அசலின் எடை 298 கிராம். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். தக்கை மாதிரி எடை காட்டினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பம்பைக்கு வருவோம். ஒன்று மரம், ஒன்று பித்தளை என்று இரண்டு முழவுகளைச் சேர்த்துக் கட்டிய வாத்தியம். ஒரு மைக்கை நடுவில் வைத்தால் எது பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் கேட்கும், மற்றது எங்கோ பக்கத்துத் தெருவில் அடிப்பது போல இருக்கும். பக்கத்துக்கு ஒரு மைக் வைத்தபோதுதான் அது இரண்டு குரலில் பேசுகிற வாத்தியம் என்பது பதிவில் தெரிந்தது. இங்கேதான் சோலோ என் பட்டியலிலிருந்து விழுந்தது. சோலோவில் மைக் நுழைவு ஒன்றே ஒன்று. இன்னொன்று கிட்டாருக்கோ கீபோர்டுக்கோ. 2ஐ2இல் இரண்டு மைக் மாட்டலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம், விளம்பரத்தில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. டைனமிக் மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சன்னமானது, அதை இன்டர்ஃபேஸ்தான் ஊதிப் பெரிதாக்க வேண்டும். நான்காம் தலைமுறை சோலோ 57 டெசிபல் வரை ஏற்றும். 2ஐ2 69 வரை. பம்பைக்கும் உரத்த குரலுக்கும் 57 தாராளம். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் கதை சொல்வதற்கும் சோலோவின் குமிழைக் கடைசிவரை திருக வேண்டியிருந்தது. 2ஐ2இல் இன்னும் இடம் மிச்சமிருந்தது. விலை வித்தியாசம் சில ஆயிரம். கொடுக்கலாம்.

2ஐ2இல் ‘ஆட்டோ கெயின்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கிவிட்டுச் சில நொடி வாசித்தால் அளவை அதுவே வைத்துக்கொள்கிறது. புதியவர்களுக்கு நல்ல வசதிதான், ஒரே நிபந்தனை, அந்தச் சில நொடியும் சாமி வந்த கட்டத்தில் அடிப்பது போல அடிக்க வேண்டும். பம்பைக்காரர் மரியாதைக்கு மெதுவாகத் தட்டிக் காட்டினார், பிறகு உச்சத்துக்குப் போனபோது குமிழைச் சுற்றியுள்ள வளையம் சிவந்துவிட்டது. ஒலி உடையாமல் தானே அளவை இறக்குகிற ‘கிளிப் சேஃப்’ வசதியும் இருக்கிறது. பாட்டு நடுவில் அளவு மாறுவது எனக்குப் பிடிக்கவில்லை, அணைத்துவிட்டேன். 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும், பயந்து பயந்து மேலே ஏற்ற வேண்டியதில்லை.

தோல் வாத்தியம் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம், இதை எந்தக் கருவியும் சரிசெய்யாது. பறையைத் தீயில் காய்ச்சி எடுத்து வந்து அடிக்கிறார்கள். ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்திய அறையில் முதல் டேக் கணீரென்று இருக்கும். வேர்வையும் ஈரமும் சேரச் சேரத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். முதல் டேக்கின் முன்பாதியையும் மூன்றாவது டேக்கின் பின்பாதியையும் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டினால் வாத்தியமே மாறியது போலக் கேட்கும். ஆகவே ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் காய்ச்சுங்கள், கொல்லையில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கட்டும்.

மின்சாரத்தில் ஒரு தொல்லை வந்தது. ஹெட்போனில் ‘ம்ம்ம்’ என்று விடாத ரீங்காரம். கேபிளை மாற்றினோம், மைக்கை மாற்றினோம், போகவில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. எர்த் சரியில்லாத பழைய வயரிங் உள்ள வீடுகளில் இது சகஜம். பேட்டரியில் ஓட்டுங்கள். ஸ்கார்லெட் யுஎஸ்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்வதால் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது, நம் ஊருக்கு இதைவிடப் பெரிய வசதி என்ன வேண்டும்.

இனி மென்பொருள். ஆடாசிட்டி 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, காசில்லை, ஒரு குரலை எடுத்து முன்பின் வெட்டி அனுப்ப அதைவிட எளிதானது கிடையாது. கதை, சொற்பொழிவு, தனிப் பாட்டு மட்டும் எடுப்பவர் இத்தோடு இந்தப் பத்தியை விட்டுவிடலாம். பம்பையை முதலில் எடுத்து, அதைக் கேட்டுக்கொண்டே மேலே குரல் சேர்க்க வேண்டும் என்றால் சிக்கல் தொடங்குகிறது. விண்டோஸில் தாமதமில்லாமல் ஒலி போய்வர ‘ஏசியோ’ என்றொரு வழி இருக்கிறது. நான் பயன்படுத்திய ஆடாசிட்டியில் அது சேர்ந்து வரவில்லை. பாடியது தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கியே பதிவாகும், ஒவ்வொரு முறையும் கையால் நகர்த்தலாம், அமைப்புக்குள் போய் தாமதக் கணக்கையும் சரிசெய்யலாம். புதிதாக வருபவருக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

ரீப்பர் அதை ஏசியோவிலேயே செய்கிறது. பஃபரை 128 என்று வைத்தால் ஒரு பக்கத் தாமதம் 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரின் சத்தம் நம் காதுக்கு வர ஆகும் நேரம் அது. பழைய லேப்டாப் திணறினால் 256க்கு ஏற்றிவிட்டு, பாடுகிறவர் காதுக்கு ஸ்கார்லெட்டின் ‘டைரக்ட் மானிட்டர்’ வழியாக நேரே கொடுங்கள். வின்ஆம்ப் எழுதிய அதே ஜஸ்டின் ஃபிராங்கல் உருவாக்கியதுதான் ரீப்பர். அதனாலோ என்னவோ மற்றவை ஜிபி கணக்கில் இறங்கும்போது இது சில பத்து எம்பிக்குள் முடிகிறது. மலைக் கிராமத்து சிக்னலிலும் இறக்கிவிடலாம். 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். குறை என்றால் கீபோர்டு ஒலிகள், தாள வகைகள் எதுவும் கூட வராது, திறந்ததும் ஒரு சாம்பல் நிறத் திரை மட்டும் நம்மைப் பார்த்து முறைக்கும். முதல் நாள் பயமாகத்தான் இருக்கும்.

அதில் உள்ள மெட்ரோனோமில் மிஸ்ர சாபுக்கு 7, கண்ட சாபுக்கு 5 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பம்பைப் பாட்டுக்கு அதை ஓடவிடாதீர்கள். அந்தப் பாட்டு போகப் போக வேகம் எடுக்கும், எடுக்கத்தான் வேண்டும். ‘டிக் டிக்’ கேட்டு அடித்த டேக்கைப் போட்டதும் பம்பைக்காரர் முகம் சுருங்கியது. “சாமியே வராதுங்க இதுக்கு” என்றார். அழித்துவிட்டோம். குரலைச் சுருதியில் இழுத்து உட்கார வைக்கும் கருவிகளுக்கும் என் தீர்ப்பு அதுதான். கமகத்தை எல்லாம் படிக்கட்டாக்கிவிடும்.

பேண்ட்லேப் சிங்கப்பூர்க்காரர்களுடையது, காசில்லாமல் போனிலேயே பல தடங்களில் பதிவு செய்யலாம். ராத்திரி தோன்றிய மெட்டை மறக்காமல் வைத்துக்கொள்ள இதுபோதும். புளூடூத் இயர்போன் போட்டு மட்டும் பாடாதீர்கள். நூறு மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் சாதாரணமாக வரும், தாளம் தெரிந்தவர்கூட இடறுவார். வயர் உள்ளதைச் செருகுங்கள்.

வீட்டு ஸ்டூடியோ தமிழுக்குப் புதிதில்லை. கோடம்பாக்கத்தில் தன் வீட்டின் பின்புறம் ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் தொடங்கிய பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில்தான் 1992இல் வந்த ‘ரோஜா’வின் இசை உருவானது. அன்று அதைக் கட்டுவது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. இன்று 2ஐ2, ஒரு அசல் 58, கேபிள், ஸ்டாண்ட், ஹெட்போன், ரீப்பர் எல்லாம் சேர்த்து ஒரு நல்ல போனின் விலைக்குள் அடங்கிவிடுகிறது, கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். இரண்டாவது மைக்கை அடுத்த சீசன் வருமானத்தில் வாங்குங்கள், அதுவரை பம்பைக்கு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஒன்று இரவல் கேட்கலாம். இவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் 58க்குப் பதில் விலை குறைந்த வேறு டைனமிக் மைக் வாங்கட்டும். இன்டர்ஃபேஸில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பதிவு செய்ய ஆசைப்படுபவருக்கு இந்தச் செட் ஒத்துவராது. இரண்டு மைக்கை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எட்டு மணி நேரம் ஓட்டினால் எட்டு ஜிபிக்கு மேல் போகும், லேப்டாப் பேட்டரி அதற்கு முன்பே படுத்துவிடும். கட்டியக்காரன் கத்துவதற்கும் அழுவதற்கும் நடுவே யார் குமிழைத் திருகிக்கொண்டிருப்பது? ஜூம் எச்1 எசென்ஷியல் மாதிரி 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்யும் கையடக்க ரெக்கார்டர் ஒன்றை வாங்கி, சவுண்ட் பாக்ஸுக்கு எதிரே இல்லாமல் பின்பாட்டுக்காரர்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அளவு வைக்கிற வேலையே கிடையாது, இரண்டு ட்ரிபிள் ஏ பேட்டரி போட்டால் ஓடும், மாற்றுக்கு இரண்டு சட்டைப் பையில் இருக்கட்டும்.