ஒரு வரிக் கருவிக்கு எத்தனை வரி விளக்கம்?

கொடுத்த உரையைத் தலைகீழாகத் திருப்பித் தரும் கருவியைவிட எளிய மென்பொருள் அரிது. பைத்தானில் அதற்கு ஒரே வரி போதும். இருந்தும் ஏ.ஐ. முகவர்களுக்கு அது தேவைப்படுகிறது. மொழி மாதிரிகள் உரையை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை; டோக்கன் எனும் துண்டுகளாகவே வாங்கிக்கொள்கின்றன. அதனால் நீண்ட சொல்லைத் திருப்பச் சொன்னால் தடுமாறுகின்றன. கணக்குக்குக் கால்குலேட்டரைத் தருவதுபோல இதற்கும் ஒரு கருவியைத் தந்துவிடுகிறார்கள்.

அந்தக் கருவியின் நிரலை முகவர் பொதுவாகத் திறந்து பார்ப்பதில்லை. முகவர்களைக் கருவிகளோடு இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறையில், முகவர் கண்ணில் முக்கியமாகப் படுபவை கருவியின் பெயர், விளக்கம், உள்ளீட்டின் வடிவம் ஆகியவைதாம். எப்போது அழைப்பது, எதைக் கொடுப்பது என்பதை இவற்றை வைத்தே அது முடிவு செய்கிறது. எனவே இங்கே விளக்கக் குறிப்பும் கருவியின் ஓர் உறுப்பு. விளக்கம் எழுதும் வழக்கத்தின் முதல் நன்மை இதுதான்: எழுதுபவர் மழுப்ப முடியாது. கருவி எழுத்துகளைத் திருப்புமா, சொற்களின் வரிசையையா? வெற்று உரை வந்தால் என்ன செய்யும்? எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அதே நிறுவனம் 2024 டிசம்பரில் எழுதிய கட்டுரையில் ஓர் அனுபவம் வருகிறது. கோப்பின் முழுப் பாதையைக் கட்டாயமாகக் கேட்கும்படி கருவியை மாற்றியதும் மாதிரி செய்துவந்த பிழை நின்றுபோனதாம். மாற்றியது மாதிரியை அல்ல, கருவி கேட்கும் விதத்தை.

குறை, எடுத்துக்காட்டுகளில் தொடங்குகிறது. இத்தகைய குறிப்புகளில் வழக்கமாக 'ஹலோ' போன்ற ஓர் ஆங்கிலச் சொல் இருக்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறியெண். அங்கே சிக்கல் தெரியாது. தமிழர் நெடுங்காலமாக வாழும் தில்லியின் 'கரோல் பாக்' என்ற பெயரையே கொடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடிலோ இடைவெளியையும் சேர்த்துப் பத்துக் குறியெண்கள். ஓகாரக் குறி, கால், இரண்டு புள்ளிகள் எல்லாம் தனித்தனி. ஒரு வரி நிரல் இவற்றை அப்படியே திருப்பினால், ரகரத்தின் ஓகாரம் லகரத்தில் ஏறி, பகரத்தின் கால் ககரத்துக்குப் போய், புள்ளிகள் ஒட்ட இடமின்றி நிற்க, 'காப லோரக' என்று ஏதோ வரும். வர வேண்டியது 'க்பா ல்ரோக'. 'விகடகவி' மாலைமாற்றா, அதாவது திருப்பினாலும் மாறாத சொல்லா என்று கேட்டால், இந்தக் கருவியை நம்பிய முகவர் 'இல்லை' என்று துணிந்து சொல்லும்.

இன்னொரு பொறியும் உண்டு. 'இருமுறை திருப்பினால் மூல உரை வரும், சரிபார்த்துக்கொள்க' என்று குறிப்பில் எழுதத் தோன்றும். ஆனால் பிழையாகத் திருப்பும் நிரலும் இருமுறை திருப்பினால் மூலத்தைத் தந்துவிடும். சோதனை தேறும், விடை தவறாகவே இருக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சிக்கல் அல்ல. எழுத்துக் கொத்துகளை வரையறுக்கும் யூனிகோட் ஆவணமே 'நி'யை எடுத்துக்காட்டாகத் தருகிறது. 'ஓப்பன்-தமிழ்' பைத்தான் நூலகத்தில் சொல்லைத் திருப்பும் செயற்கூறு ஒன்று இருக்கிறது. யூனிகோட் குறியெண்களின்படி அல்ல, எழுத்துகளின்படி திருப்பும் என்று அதன் குறிப்பு ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. குறிப்பு நீளமாக இருக்கத் தேவையில்லை, சொல்ல வேண்டியதைச் சொன்னால் போதும் என்பதற்கு நல்ல சான்று.

அந்த ஒரு வரியும் எல்லா மொழிக்கும் போதாது. தில்லியின் பல தெருப்பலகைகளில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது நான்கும் இருக்கும். உருது வலமிருந்து இடம் ஓடினாலும் கணினியில் படிக்கும் வரிசையிலேயே சேமிக்கப்படுகிறது. 'திருப்பு' என்பதை எழுதும் திசையை மாற்றுவதாக முகவர் எடுத்துக்கொண்டால் பலகையின் பெயரே பாழ். தமிழிலும் 'க்ஷ' ஓர் எழுத்தா இரண்டா என்பதைக் கருவி செய்தவர் முடிவு செய்து சொல்லியாக வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் கொட்டினால் எதிர்க்குறை. முகவரிடம் இருபது கருவிகள் இருந்தால் இருபது விளக்கங்களும் அதன் நினைவகத்தை அடைக்கும். நீளம் கூடக் கூடச் செலவும் கூடும், முக்கியமான வரி புதையும். ஆபத்தும் உண்டு. விளக்கத்தை முகவர் ஏறக்குறையக் கட்டளையாகவே படிப்பதால், அதற்குள் தீய ஏவலை ஒளித்துவைக்கும் தாக்குதலை 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நீண்ட குறிப்பில் ஒளிய இடம் அதிகம்.

ஆக, என் தீர்ப்பு: எளிய கருவிக்கும் விளக்கம் வேண்டும், ஆனால் தெரிந்ததை விளக்கும் வரிகளை வெட்டி, தடுக்கும் இடத்தை மட்டும் காட்ட வேண்டும். இப்படி: 'உரையைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்து வாரியாகத் திருப்பும். சொல்வரிசையைக் காக்காது, எழுதும் திசையை மாற்றாது. விகடகவி மாறாமல் வரும். கரோல் பாக், க்பா ல்ரோக ஆகும்.' இந்தச் சில வரிகளை எழுத முடியாதவர், தம் கருவி என்ன செய்கிறது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும்.