டைனமோ வந்த வழி

இளைஞர்களும் அறிவியலும் சுற்றுச்சூழலும் என்று யார் கருத்தரங்கு வைத்தாலும், மதிய உணவுக்குப் பிறகு ஒரு படம் போடுவார்கள். பெரும்பாலும் அது 'தி பாய் ஹூ ஹார்னஸ்ட் தி விண்ட்' படமாகத்தான் இருக்கும். சிவெட்டெல் எஜியோஃபோர் இயக்கி, தந்தை வேடத்திலும் நடித்து 2019இல் வெளிவந்த படம். மலாவி நாட்டின் விம்பே கிராமத்துச் சிறுவன் வில்லியம் கம்குவாம்பாவின் உண்மைக் கதை. பிரையன் மீலருடன் சேர்ந்து வில்லியம் எழுதிய தன்வரலாறு 2009இலேயே வந்துவிட்டது. நான் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தும் பார்த்தும் இருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே உள்ள ஓர் இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2001-02 பஞ்சத்தில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பு நிற்கிறது. பையன் நூலகத்தில் ஒரு பழைய அறிவியல் பாடநூலைப் பார்த்துக் காற்றாலை செய்கிறான். டிராக்டர் விசிறி, உடைந்த சைக்கிள், சூடுகாட்டித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் குழாய், மரக்கம்பங்கள். எல்லாம் எப்படியோ கிடைத்துவிடுகின்றன. டைனமோ மட்டும் கிடைக்கவில்லை. அது இல்லாவிட்டால் விசிறி சுற்றும், மின்சாரம் வராது.

புத்தகத்தில் அந்த டைனமோவை நண்பன் கில்பர்ட் தன் காசைக் கொடுத்து வாங்கித் தருகிறான். ஒரு சிறுவனின் தோழமை, அவ்வளவுதான். படத்தில் அது வேறு வழியாக வருகிறது. டைனமோ இருப்பது அறிவியல் ஆசிரியரின் சைக்கிளில். அந்த ஆசிரியரும் வில்லியமின் அக்கா அன்னியும் ரகசியமாகக் காதலிக்கிறார்கள். மேற்படிப்புக் கனவோடு இருந்த அன்னி, வீட்டில் சாப்பிடும் வாய்களில் ஒன்றாவது குறையட்டும் என்று அவரோடு போய்விடுகிறாள். டைனமோ அவள் வழியாகத் தம்பி கைக்கு வருகிறது.

நிஜத்திலும் அன்னி ஓர் ஆசிரியரோடுதான் போனாள் என்று புத்தகம் சொல்கிறது. நான் கேட்பது, அந்தப் பயணத்தையும் டைனமோவையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது யார் என்பதை. திரைக்கதைக்கு ஒரு தியாகம் தேவைப்பட்டிருக்கிறது. நண்பனின் காசு போதுமான கண்ணீரைத் தராது, அக்காவின் வாழ்க்கை தரும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: தங்கை காந்தமும் கம்பியும் வைத்துக்கொண்டு ஏதோ செய்கிறாள், அவளுக்கு ஓர் உதிரிபாகம் கிடைப்பதற்காக அண்ணன் படிப்பை விட்டுவிட்டு ஊரை விட்டுப் போகிறான். அப்படியொரு படத்தை நான் பார்த்ததில்லை.

இளங்கலை இயற்பியல் மாணவிகளோடு இதைப் பார்த்தபோது, படம் முடிந்து எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகு ஒரு பெண் கேட்டாள்: "அந்த அக்கா கடைசியில காலேஜ் போனாங்களா இல்லையா, மேம்?" படம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அதற்குத் தோன்றவும் இல்லை.

படத்தை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. மரங்களைப் புகையிலை நிறுவனத்துக்கு விற்றதும் வெள்ளமும் பசியும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று காட்டுகிறது. நியாயம் பேசிய ஊர்த்தலைவர் அடிபடுவதைக் காட்டுகிறது. 'மூளை இருந்தால் போதும்' என்ற பொய்யை அது சொல்லவில்லை. தாய் ஆக்னஸாக வரும் ஐஸா மைகா, எனக்கு வில்லியமைவிட அதிகம் நினைவில் நிற்கிறார். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் என்றால் எந்த வேளை என்று அந்தக் குடும்பம் முடிவெடுக்கும் காட்சியை மறக்க முடியாது. இருக்கும் தானியத்தை இத்தனை நாட்களுக்கு, இத்தனை பேருக்கு என்று பிரிப்பதும் கணக்குதான். அந்தக் கணக்கு தப்பியிருந்தால் காற்றாலை கட்டப் பையன் உயிரோடு இருந்திருக்க மாட்டான். சைக்கிளைத் தர மறுக்கும் அப்பாவின் மனத்தை மாற்றுவதும் அவள்தான். நூலகத்தைத் திறந்துவிடும் ஈடித் சிகேலோவும் பெண்தான். ஆனாலும் போஸ்டரில் ஒரு பையனும் ஒரு காற்றாலையும்.

இன்னொன்று. படத்தில் காற்றாலை முதலில் நீரிறைக்கிறது. உண்மையில் முதல் காற்றாலை தந்தது வீட்டு விளக்கு. நீரிறைப்பது பிற்பாடு வந்தது. படத்துக்கு வயல் பச்சையாவது வேண்டும், அதனால் வரிசையை மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றம் எனக்குப் பெரிய குறையில்லை. மலாவிக் கிராமங்களில் தண்ணீர் சுமப்பதும் விறகு பொறுக்குவதும் பெரும்பாலும் பெண்கள், சிறுமிகள் வேலை. தண்ணீர் வந்துவிட்டது என்றால் யாருடைய தலையிலிருந்து வாளி இறங்கியது, மிச்சமான அந்த நேரத்தில் அவள் என்ன செய்தாள் என்று கேமரா ஒரு முறையாவது திரும்பியிருக்கலாம். அது பயிரைத்தான் பார்க்கிறது. நிலைத்த எதிர்காலம் பற்றிப் பேசும் நம் அறிக்கைகளும் இப்படித்தான், எத்தனை வாட் என்று எழுதும், யாருடைய எத்தனை மணி நேரம் என்று எழுதாது.

2009இல் டெட் மேடையில் வில்லியம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது, வீட்டில் ஏழு பிள்ளைகள், தன்னைத் தவிர மற்ற எல்லோரும் பெண்கள் என்றார். ஆறு சகோதரிகள். திரையில் பெயரும் ஆசையும் உள்ளவளாக எஞ்சியது அன்னி ஒருத்தி. அவளும் படம் முடிவதற்கு முன்பே போய்விடுகிறாள்.