குறத்தியின் கையை யார் பார்ப்பது?

குறவஞ்சி பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் அதன் யாப்பையும் ஆடற்பண்பையும் மலைவளத்தையும் பேசுவதோடு அமைந்துவிடுகின்றன. குறத்தியின் உடல்நலம் அவற்றில் ஒரு வினாவாக எழுவது அரிது.

திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் நோயுறுபவள் வசந்தவல்லி. திருவுலா வந்த இறைவனைக் கண்டு காதலால் மெலிகிறாள். அந்நோயைக் கைபார்த்துக் கூறுபவள் சிங்கி. உடலை அழியாது காக்கும் கலையில் வல்ல சித்தர்கள் வந்துறையும் மலை தன்னுடையதென்றும் அவள் பெருமை பேசுகிறாள். குறி சொன்னதற்கு அணிகலன்கள் பரிசாகக் கிடைக்கின்றன. ஆயினும் பிறர் நோயை அறிந்த அவளுடைய பிணியோ பேறுகாலமோ நூலின் பொருளாவதில்லை.

இலக்கியத்தில் வைத்தியசாலையைத் தேடலாமா எனச் சிலர் வினவுவர். சிற்றிலக்கியம் ஒன்றிடம் அதனை எதிர்பார்ப்பது முறையன்றுதான். ஆனால் நூல் வகுத்த குறத்தியையே உண்மைக் குறத்தியாகக் கொண்டு நிறைவடையும் வாசகர் நோக்கு ஏற்கத்தக்கதன்று.

இலங்கையில் அகிகுண்டிகர் எனப்படும் தெலுங்கு பேசும் நாடோடி மக்களைத் தமிழர் குறவர் என்றே வழங்குவர். இலக்கியக் குறவரும் இவர்களும் ஒரே குலத்தவர் என்பதற்கில்லை. பெயரும் குறிசொல்லும் தொழிலுமே இருசாராரையும் இணைக்கின்றன. பாம்பாட்டுதல் ஆடவர் தொழில். கைபார்த்தல் பெண்டிர் தொழில். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கரைவழியே தெற்கு நோக்கிச் சென்றால், அக்கரைப்பற்றுக்கு அணித்தான அளிக்கம்பையில் இவர்களுட் சிலர் நிலையாகக் குடியேறியிருத்தலைக் காணலாம்.

இந்நாட்டின் அரச மருத்துவம் இலவசமானது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த ஏற்பாட்டில், மருத்துவ மாது தன் பகுதியிலுள்ள கர்ப்பிணிகளை வீடு தேடிச் சென்று பதிகிறாள். இவ்வரிய ஏற்பாட்டின் அச்சாணி முகவரியே. கூடாரத்தைப் பெயர்த்துச் செல்பவளின் பெயர் பதிவேட்டில் எளிதில் நிலைப்பதில்லை. பிறப்புப் பதிவு இல்லாதவளுக்கு அடையாள அட்டை பெறுவதும் அரிது. தெலுங்கில் உணர்ந்த நோவை அவள் பிறமொழியில் உரைக்கவேண்டும். இவற்றின் மேலும் நிற்பது ஊராரின் இகழ்ச்சி.

பதிவேட்டில் இடம்பெறுவது மட்டும் போதுமா? முன்னோர் இந்தியாவிலிருந்து சென்ற உறோமா மக்களின் வரலாறு இதற்கு விடை தருகிறது. 2000 இல் சிலோவாக்கியாவில் ஓர் உறோமாப் பெண்ணிடம் பேற்றுவேதனையின் நடுவே ஒப்பம் பெற்றுக் கருத்தடை செய்தனர். அவளுடைய மருத்துவப் பதிவில் அவளது இனமும் குறிக்கப்பட்டிருந்தது. அச்செயல் அவளது உரிமையை மீறியதென ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011 இல் தீர்ப்பளித்தது. வைத்தியசாலையின் வாயில் திறந்திருப்பினும், உள்ளே மதிப்பில்லையேல் மருத்துவமே கொடுமையாகும் என்பது இங்கு மனங்கொளத்தக்கது.

துறை கடக்கும் இடரைத் திருகோணமலையார் நன்கறிவர். 2009 இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாத் துறையைப் படகுப் பாதையிலேயே கடந்தனர். நீர்த்துறைக்குப் பாலம் அமைந்துவிட்டது. முகவரி, மொழி, இகழ்ச்சி என்னும் துறைகளுக்கு இன்னும் அமையவில்லை. பிறர் கைபார்த்து வருங்காலம் உரைத்தவளின் கையைப் பற்றி நாடி பார்ப்பவர் யார் என்னும் வினாவோடு குறவஞ்சியை மீண்டும் படிப்பது திறனாய்வின் கடனாகும்.