குடிக்கணக்கு ஏடுகளைப் படிக்கும் முறை

மலாயாத் தமிழர் வரலாறு பேசப்படும் மலர்களிலும் மேடைகளிலும் குடிக்கணக்கு எண்கள் சிலவற்றை எடுத்தாளுதல் வழக்கமாகிவிட்டது. எண்ணைக் கூறிய அளவில் வாதம் முடிந்ததென்று கொள்கின்றனர். அவ்வெண் யாரை எண்ணியது, எதனை எண்ணாது விட்டது என்னும் வினாக்கள் எழுவதில்லை. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏட்டுப் படிகளை ஒப்புநோக்கிய பின்னரே பாடம் துணிந்தார். தமிழாசிரியர்கள் நன்கறிந்த அவ்விழிப்புக் குடிக்கணக்கு ஏடுகளுக்கும் வேண்டும்.

முதற்கண் பெயர்களை நோக்குவோம். நீரிணைக் குடியேற்றங்களில் 1871இல் எடுக்கப்பட்ட கணக்கில் நம்மவர் 'கிளிங்' என்று குறிக்கப்பட்டனர். 1891இல் 'தமிழரும் ஏனைய இந்தியக் குடிகளும்' என்று தலைப்பு மாறிற்று. பின்னர் 'இந்தியர்' என்னும் ஒரு சொல்லே நிலைத்தது. 1957இல் 'மற்றவர்' பிரிவில் நின்ற இலங்கைத் தமிழர் 1970இல் இந்தியர் பிரிவிற் சேர்க்கப்பட்டனர். ஆதலின் பல ஆண்டுகளின் எண்களை ஒரே நிரலில் எழுதி, வளர்ச்சியென்றும் தேய்வென்றும் உரைப்பது பிழைபடும். ஒரு குழந்தையும் பிறவாமலே ஒரு பிரிவு பெருகக்கூடும். தலைப்பை மாற்றினாற் போதும்.

அடுத்து, தேய்வு பற்றியது. 1931இல் சிங்கப்பூர் உட்பட மலாயாவில் இந்தியர் ஏறத்தாழ 6,20,000 பேர். 1947இல் 6,00,000க்குச் சற்றுக் குறைவு. போரின் காரணமாக 1941இல் கணக்கு எடுக்கப்படாமையின் இடையிலே பதினாறு ஆண்டுகள் இருள். இக்குறைவு முழுவதையும் சயாம் மரண ரயில் மேல் ஏற்றிக் கூறுவோர் உளர். அக்கொடுமை மெய், 1942, 1943ஆம் ஆண்டுகளில் அங்கே மாண்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். எனினும் 1930ஆம் ஆண்டையொட்டிய பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை வீழ, திரளான தொழிலாளர் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்று இங்கு வருவதைத் தடுத்தது. மக்கள் தொகை பிறப்பாலும் வரவாலும் கூடும்; இறப்பாலும் செலவாலும் குறையும். இந்நான்கையும் பிரித்துக் காணாமல் இறந்தோர் தொகையை மதிப்பிடுதல், இறந்தவர்க்கே நாம் செய்யும் அநீதியாகும். மிகைப்படக் கூறிய எண்ணை ஒருவர் மறுத்துவிட்டால், மெய்யான துயரமும் உடன் ஐயத்துக்குள்ளாகும் அன்றோ?

மூன்றாவது, வயது. பிறந்த நாள் எழுதிவையாத மக்கள் 'முப்பது இருக்கும், நாற்பது இருக்கும்' என்றே விடை கூறுவர். ஆதலின் 0, 5 என்னும் இலக்கங்களில் முடியும் வயதுகளில் எண்கள் குவிந்து கிடக்கும். இக்குவிவை அளக்க விப்பிள் என்பார் பெயரால் ஒரு குறியீடு உண்டு. 23 முதல் 62 வயது வரையுள்ளோரில் அவ்விரு இலக்கங்களில் முடிவோரை எண்ணி, ஐந்தால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, நூற்றுக்குக் கணக்கிடுவர். விடை 100 எனின் குவிவில்லை. 500 எனின் யாவரும் அவ்வயதுகளையே கூறினர் என்பது பொருள். இச்சோதனை செய்யாது வயதுவாரி நோய்க்கணக்கு எழுதப் புகுதல் மணல்மேற் கட்டிய வீடே.

இவை யாவற்றினும் பெரிது இறப்பு விகிதம். ஆயிரவர்க்கு இத்தனை பேர் என்னும் பொதுக்கணக்கை வைத்துக்கொண்டு, 'தோட்டத் தமிழர் நிலை அத்துணை மோசமன்று' என்று முடிவு கட்டிவிடலாகாது. ஒரு கற்பனைக் கணக்குக் காண்க. ஒரு தோட்டத்தில் ஆயிரம் பேர்: உழைக்கும் வயதினர் 900, குழந்தைகளும் முதியோரும் 100. முன்னவர் ஆயிரத்துக்குப் பதின்மரும், பின்னவர் ஆயிரத்துக்கு அறுபதின்மரும் இறப்பின், மொத்த இறப்பு 15. ஓர் ஊரில் இரு பகுதியும் 500, 500. அங்கே அவ்விகிதங்கள் 6, 36 எனின் மொத்தம் 21. எவ்வயதினரை நோக்கினும் தோட்டத்தில் சாவே மிகுதி. பொதுக்கணக்கோ தோட்டமே நலமுடையது என்கிறது! மலாயாத் தோட்டங்களில் நிறைந்திருந்தவர் இளைஞரும் நடுவயதினருமே. 1931இல் இந்திய ஆண்கள் ஆயிரவர்க்குப் பெண்கள் ஐந்நூற்றுவர்கூட இல்லை. அன்றியும், நோயுற்றுக் கப்பலேறி நாகப்பட்டினத்திலிறங்கித் தம் ஊரிலே கண்மூடியவர் இங்குள்ள எந்த இறப்பேட்டிலும் இலர்.

இவற்றால் குடிக்கணக்கு பயனற்றது என்பது எம் கருத்தன்று. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் வாரிச் சென்ற மக்களுக்குப் பெரும்பாலும் கல்லறையும் இல்லை, எழுதிய வரலாறும் இல்லை. அவர்களைப் பற்றி எஞ்சியுள்ள சான்றுகளில் இவ்வேடுகள் தலையாயவை. கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட மலாயா இந்தியர் பற்றிய நூல் நிற்பதற்குக் காரணம், குடிக்கணக்கைக் குடியேற்றக் கணக்கோடு வைத்துப் படித்தமையே. நாமும் அவற்றோடு தொழிலாளர் துறை, சுகாதாரத் துறை ஆண்டறிக்கைகளையும் அக்காலத் தமிழ் நாளிதழ்களையும் ஒப்புநோக்கல் வேண்டும். ஆணையும் பெண்ணையும் வேறாகவும், ஒத்த வயதினரை ஒத்த வயதினரோடும் வைத்து எண்ணுதல் வேண்டும்.

மேடையில் எண் கூறுவோர் இனி அதன் ஆண்டையும் எல்லையையும் பிரிவையும் சேர்த்துக் கூறுவாராக. மாணவர்க்கு இவ்வொழுக்கத்தைக் கற்பிக்கும் பொறுப்பு, பாடபேதம் அறிந்த தமிழாசிரியர்க்கு உரியது.