திரும்பி வந்த வண்டியைப் படிப்பவர்கள்

லடாக் போய்வந்தவர் சொல்லும் கதையில் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அவர் ஓட்டிவந்த வண்டிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நடந்ததை நடந்தபடியே வைத்திருக்கும். படிக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும். சென்னையில் அப்படிப்பட்ட மெக்கானிக்குகள் சிலர் இருக்கிறார்கள். கோடையில் மணாலி - லே சாலை திறந்த பிறகு கிளம்பிப் போன புல்லட்டுகளும் ஹிமாலயன்களும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒவ்வொன்றாக ஊர் திரும்பும். அந்த நாட்களில் பட்டறை வாசலில் ஒரு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை.

சென்னையிலிருந்து லே போய்த் திரும்பினால் ஆறாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஐயாயிரம் மீட்டருக்கு மேல் ஏறும் கணவாய்கள், மோரே சமவெளியின் பொடிமண், பனி உருகிச் சாலையின் குறுக்கே ஓடும் நாலாக்கள், இறங்கிய பிறகு நாக்பூர், ஹைதராபாத் என்று நாள்கணக்கில் வளையாமல் நீளும் நெடுஞ்சாலை. இவ்வளவும் வண்டியில் எங்காவது பதிந்திருக்கும். எந்தப் பாகத்தில் எது பதியும், எவ்வளவு தூரத்துக்கு அழியாமல் நிற்கும் என்பது தெரிந்திருப்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

ஸ்பார்க் பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஞாபகசக்தி குறைவு. ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். கார்புரேட்டர் வண்டி அது தெரியாமல் பெட்ரோலை வழக்கம்போல் ஊற்றிக்கொண்டிருக்கும். எரிப்பதற்கு வேண்டிய காற்று போதாமல் பிளக்கின் முனை கரி பிடித்துக் கறுத்துவிடும். அதே வண்டி சமவெளிக்கு இறங்கிச் சில நூறு கிலோமீட்டர் வேகமாக ஓடினால் கரியெல்லாம் எரிந்துபோய், நல்ல தவிட்டு நிறத்துக்கு வந்துவிடும். தொழிலுக்குப் புதிய பையன் அதைக் கழற்றிப் பார்த்து “சூப்பரா இருக்குண்ணே” என்பான். பழைய கை சிரிக்கும். “பிளக்கு நேத்துக் கதையத்தான் சொல்லும் தம்பி. மலைக் கதைய வேற எடத்துல கேளு.” முனை வெளுத்திருந்தால் மட்டும் அவர் முகம் மாறும். எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். காற்று குறைந்தால் பெட்ரோலை அதுவே குறைத்துக்கொள்கிறது. பிளக் படிக்கிறவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது.

மலைக் கதை ஏர் ஃபில்டரில் இருக்கும். காகித மடிப்புகளுக்கிடையே மாவு போன்ற பொடி ஏறியிருக்கும். ஃபில்டர் பெட்டியின் அடியில் நீர்க்கோடு தெரிந்தால் ஏதோ ஒரு நாலாவில் தண்ணீர் அதுவரை எட்டியிருக்கிறது. ஓட்டியவர் அதைச் சொல்லாமல் விட்டிருப்பார், அல்லது அவருக்கே தெரிந்திருக்காது.

டயருக்கு ஞாபகம் அதிகம். புதிய பின் டயரின் முதுகு வளைந்திருக்கும். நெடுஞ்சாலையில் நேராகவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடினால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும், ஓரங்கள் புதிது போலவே இருக்கும். முன் டயரின் மீது மெக்கானிக் உள்ளங்கையை ஒருமுறை முன்பக்கமாக, ஒருமுறை பின்பக்கமாக ஓட்டிப் பார்ப்பார். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும் கை, மறுபக்கம் வரும்போது சொரசொரவென்று தடைபட்டால், அங்கே பிரேக்கின் வரலாறு இருக்கிறது. டயர்க் கட்டைகளின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து ரம்பம் மாதிரி ஆகியிருக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கைக்குத் தெரியும்.

இந்த வாசிப்பின் உச்சம் என்று நான் நினைப்பது செயினைத்தான். பின் சக்கரத்துப் பல் சக்கரத்தின் கடைசிப் புள்ளியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுப்பார். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது. செயின் நீண்டுவிட்டது என்று நாம் சொல்கிறோம். இரும்பு நீளவில்லை, ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் முடியளவு தேய்ந்திருக்கிறது. நூறு கண்ணி சேரும்போது அது விரல் அளவாகிவிடும். பிறகு சக்கரத்தை மெல்லச் சுற்றிவிட்டு எந்த இடத்தில் இறுகுகிறது, எந்த இடத்தில் தொய்கிறது என்று பார்ப்பார். டைட் வைக்க வேண்டுமென்றால் இறுகும் இடத்தில்தான் அளவு பார்க்க வேண்டும். தொய்ந்த இடத்தில் பார்த்தவன் பேரிங்கைக் கெடுப்பான்.

அப்புறம் குனிந்து கண்ணிகளுக்கிடையே பார்ப்பார். அங்கே துருப்பிடித்த செம்பொடி தெரிந்தால் செயின் எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கிறது. “போகும்போது நைட் நைட் லூப் அடிச்சிருப்பீங்க. வரும்போது அடிக்கல, இல்ல?” என்பார். எதிரே நிற்கும் இளைஞர் அசடு வழிவார். போகிற பயணத்துக்கும் திரும்புகிற பயணத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. போகும்போது வண்டிதான் எல்லாம். லாட்ஜ் வாசலில் உட்கார்ந்து துடைப்போம், நட்டு நட்டாகத் தொட்டுப் பார்ப்போம். திரும்பும்போது வீடுதான் கண்ணில் நிற்கும். காலை நாலு மணிக்குக் கிளம்பி இருட்டும்வரை விரட்டுவோம், பெட்ரோலைத் தவிர வேறெதற்கும் நிறுத்த மாட்டோம். மலையில் பத்திரமாக இருந்த வண்டி அடிபடுவது ஊருக்குத் திரும்பும் நெடுஞ்சாலையில்தான். தட்டையான டயரும் காய்ந்த செயினும் அதற்குச் சாட்சி.

ஹேண்டிலைத் தாங்கிச் சுழலவிடும் கோன் செட்டும் அதையேதான் சொல்லும். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டில் பாரை இரண்டே விரலால் இடமும் வலமும் திருப்புவார். நேர் நிலைக்கு வரும்போது லேசாக ஒரு சிக்கல் தட்டினால் பேரிங் கிண்ணத்தில் குழி விழுந்திருக்கிறது. நாள் முழுக்க நேராகவே பிடித்து ஓட்டும்போது குண்டுகள் ஒரே இடத்தில் நின்று இடி வாங்குகின்றன. வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில் இது இவ்வளவு சீக்கிரம் வராது.

ஸ்போக் சக்கரமாக இருந்தால் ஒரு ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே சுற்றுவார். மிருதங்கத்தின் வலந்தலையை ஓரம் சுற்றித் தட்டிச் சுருதி சேர்ப்பவரின் காது அது. இறுகிய கம்பி கணீரென்று கேட்கும், தளர்ந்த கம்பி ‘டொக்’ என்று அடங்கிப்போகும். சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று கம்பிகள் அடங்கினால் அந்த இடத்தில்தான் ரிம் பள்ளத்தில் விழுந்திருக்கிறது.

எஞ்சின் ஆயிலை வடிக்கும்போது கறுப்பைப் பார்த்து நாம் பயப்படுவோம். அவர் பயப்பட மாட்டார். ஆயில் கறுப்பது தன் வேலையைச் செய்ததன் அடையாளம். இரண்டு விரலுக்கிடையே தேய்த்து வெயிலில் காட்டுவார். மினுமினுப்பு தெரிந்தால் உள்ளே எதுவோ அறுபடுகிறது. பாலாடை போலிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

கடைசியில் வண்டியை ஸ்டார்ட் செய்து, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைப்பார். இங்கே எந்த எஞ்சின் என்பது முக்கியம். ராயல் என்ஃபீல்டின் பழைய யூ.சி.இ. எஞ்சினில் வால்வை இயக்கும் டேப்பெட் ஹைட்ராலிக், அதில் இடைவெளி வைக்கும் வேலையே இல்லை. சத்தம் கேட்டால் ஆயிலைத்தான் சந்தேகப்பட வேண்டும். 2020-ல் வந்த ஜே வரிசை எஞ்சினில் அந்த இடைவெளியைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். அதிலும் சத்தம் போடும் டேப்பெட்டைவிடச் சத்தமே போடாத டேப்பெட்தான் ஆபத்து. வால்வு தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இடைவெளி அடைபட்டால் சத்தம் நின்றுவிடும். பிறகு வால்வு முழுதாக மூடாமல் தீய்ந்துபோகும். அமைதியைக் கேட்டுப் பயப்படத் தெரிந்த காது எல்லாருக்கும் வாய்க்காது.

ராபர்ட் பிர்சிக் 1974-ல் வெளியிட்ட ‘ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்’ நூலில் ஒரு பட்டறை வரும். ரேடியோ அலறிக்கொண்டிருக்கும், பையன்கள் வண்டியைக் காதால் கேட்காமலேயே திரும்பத் திரும்பப் பிரித்துப் போடுவார்கள். கடைசியில் கோளாறு 25 சென்ட் பெறுமான ஒரு சின்னப் பின்னில் இருக்கும். அவர் 1968-ல் மகனோடு பயணம் போன ஹோண்டா சூப்பர் ஹாக் இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ரேடியோப் பட்டறைகள் நம் ஊரிலும் உண்டு. வண்டி உள்ளே போனதும் “செயின் செட், கோன் செட், கிளட்ச் பிளேட் எல்லாம் மாத்திரணும் சார்” என்று சீட்டு எழுதிவிடுவார்கள். நான் ரசிக்கும் ஆட்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மாற்ற வேண்டாததைப் பெயர் சொல்லி ஒதுக்குவார்கள். “ரிம்ல சின்ன நெளிவு இருக்கு, ஓட்டத்துல தெரியாது, இருக்கட்டும். பிரேக் பேட் இன்னும் ரெண்டாயிரம் ஓடும்.” எதைத் தொடக் கூடாது என்று தெரிவதுதான் தேர்ச்சி.

இந்தத் திறமை சென்னையில் தழைத்ததில் வியப்பில்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதும், இந்தியப் புல்லட்டுகள் தயாரானதும் இங்கே திருவொற்றியூரில்தான். ராணுவத்தின் எல்லைக் காவலுக்காக வாங்கப்பட்ட வண்டி அது. வடக்கே மலைக்குப் போவது அதற்குப் புதிதல்ல. இன்றைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கேட்டால் கிடைக்காத சாமான் குறைவு.

ஆகவே நெடும்பயணம் முடித்து வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வந்ததும் வண்டியை வாட்டர் வாஷுக்கு விடாதீர்கள். ஆயில் கசியும் இடத்தில்தான் தூசி அப்பிக்கொள்ளும். கழுவினால் கசிவின் தடயம் போய்விடும், வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் பேரிங்குக்குள்ளும் இறங்கும். அழுக்கோடு கொண்டுபோய் நிறுத்துங்கள், அவர் பார்த்த பிறகு கழுவலாம். பார்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், உங்கள் கதையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நட்டைக்கூட மாற்றாமல் “எடுத்துட்டுப் போ” என்று அவர் சொன்னாலும், பார்த்த நேரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு வாருங்கள். பார்ப்பதற்குக் கூலி இல்லையென்றால், மாற்றுவதற்கு மட்டும்தான் ஆள் மிஞ்சுவார்கள்.